கிருஷ்ணகிரிப் பாறைக்கு எந்தக் கிளீட் பெடல்?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கிற பையன்கள் கொஞ்ச நாளில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, எஸ்பிடி வாங்கட்டுமா, எக்பீட்டர் வாங்கட்டுமா? எக்பீட்டர்ல சேறே தங்காதாமே?"

ஷிமானோவின் எஸ்பிடியும் கிராங்க்பிரதர்ஸின் எக்பீட்டரும் இரண்டு வகைக் கிளீட் பெடல்கள். ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் சின்ன உலோகத் துண்டுதான் கிளீட், அது பெடலில் பூட்டிக்கொண்டு காலைப் பிடித்துவைக்கும். எக்பீட்டரில் சேறு தங்காது என்பது உண்மைதான். ஆனால் பெடல் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி மழை ஓயாத நாடுகளில் இருந்து வருவது. அங்கே எதிரி சேறு. நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் ஏரிக்கரைப் பாதைகள் சில வாரம் குழைந்து கிடக்கும், அவ்வளவுதான். மற்ற மாதங்களில் சக்கரத்துக்கு அடியில் இருப்பது பாறையும் சரளையும் செம்மண் புழுதியும். இதை வைத்து யோசித்தால் விடை வேறு பக்கம் போகிறது.

முதலில் இந்தப் பெடல் காலை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம். பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், அதே யோசனையை 1984-இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார்ட் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். அது சாலைச் சைக்கிளுக்கானது. கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதை மாட்டிக்கொண்டு நடப்பது பெரும்பாடு. 1990-இல் ஷிமானோ எஸ்பிடியைக் கொண்டுவந்தபோது கிளீட்டைச் சின்னதாக்கி, ஷூ அடிப்பாகத்துக்குள் பதித்துவிட்டது. காட்டுப் பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியவனுக்கு அதுதான் தேவைப்பட்டது.

எஸ்பிடி பெடலில் முன்பக்கம் ஒரு கொக்கி, அது அசையாது. பின்பக்கம் ஒரு தாடை, அதற்குப் பின்னால் ஸ்பிரிங். கிளீட்டின் மூக்கை முன் கொக்கிக்கு அடியில் நுழைத்து மிதித்தால், பின்தாடை ஒதுங்கி வழிவிட்டு, அறைந்து சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு மாதிரி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது கிளீட்டின் பின்மூலைகள் ஆப்பு போல வேலை செய்து தாடையைப் பின்னுக்குத் தள்ளும். ஒரு கோணத்தைத் தாண்டியதும் கால் வெளியே வந்துவிடும்.

காலை நேராக மேலே இழுத்தால் ஏன் வருவதில்லை? மேல்நோக்கிய விசையைத் தாடையின் உதடு தாங்கிக்கொள்கிறது, ஸ்பிரிங்குக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. திருப்பும்போது கதை வேறு. பெடலைத் திறக்க 9 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளீட்டில் இருந்து குதிகால் 15 செ.மீ. தள்ளி இருந்தால் அங்கே 60 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 6 கிலோ எடை அளவு பக்கவாட்டு அழுத்தம் போதும். அது யாராலும் முடியும். சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுகிறவர்களுக்குப் பலம் போதாமல் இல்லை. பதற்றத்தில் காலை மேலே இழுக்கிறார்கள், அதுதான் காரணம்.

அதனால் ஒரு பெடல் எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறது என்று நான் பார்ப்பதில்லை, எல்லாமே போதுமான அளவு பிடிக்கும். எப்படி விடுகிறது, எவ்வளவு காலம் அதே மாதிரி விடுகிறது என்பதுதான் கேள்வி.

கிராங்க்பிரதர்ஸ் எக்பீட்டரில் பாதம் வைக்கும் மேடை என்று எதுவும் கிடையாது. அச்சைச் சுற்றி நான்கு பக்கமும் எஃகுச் சிறகுகள், நடுவில் ஸ்பிரிங். எந்தப் பக்கம் மிதித்தாலும் பூட்டும். சிறகுகளுக்குப் பின்னால் வெறும் வெளி என்பதால் கிளீட் உள்ளே வரும்போது சேறு மறுபக்கம் பிதுங்கி ஓடிவிடுகிறது. எஸ்பிடியில் அந்தச் சேறு கொக்கிக்கும் உடலுக்கும் நடுவில் அப்பி, மூக்கு நுழைய விடாமல் அடைத்துக்கொள்ளும். டைம் நிறுவனத்தின் ஏடாக் பெடல் வளைந்த எஃகுக் கம்பிகளால் பிடிப்பது. அதுவும் சேற்றில் கெட்டிக்காரன். பூட்டியபின் பாதம் கொஞ்சம் அசையவும் அது இடம் கொடுக்கிறது, முட்டிவலிக்காரர்கள் பலர் அதைவிட்டு நகராததற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டிலும் இடக்கிளீட்டை வலது ஷூவுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டால் விடுபடும் கோணம் மாறும்: கிராங்க்பிரதர்ஸில் 15 அல்லது 20 பாகை, ஏடாக்கில் 13 அல்லது 17.

இவ்வளவும் சரி. ஆனால் இந்த இரண்டின் வழக்கமான கிளீட்டும் பித்தளை. பெடலின் எஃகு தேயாமல் கிளீட் தேயட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். இப்போது ராயக்கோட்டைத் துர்கத்தின் பக்கம் போய்ப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டலாம், அப்புறம் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைப் பாறையில் ஏற வேண்டியதுதான். உலகத்துக்கே கிரானைட் அனுப்புகிற மாவட்டம் இது. அந்தக் கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, பித்தளையோ 3-ஐ ஒட்டி. உப்புத்தாளில் தேய்ப்பதற்கும் பித்தளைக் கிளீட்டோடு பாறையில் நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இறங்கி ஷூவைத் திருப்பிப் பார்த்தால் கிளீட்டின் முனையில் புதுப்பாத்திரம் மாதிரி மஞ்சள் பளபளப்பு தெரியும். ஓரம் தேயத் தேய விடுபடும் கோணம் மாறும். பிறகு தாவும்போதோ மிதித்து ஏறும்போதோ கால் தானாகக் கழன்று வரும். எஸ்பிடி கிளீட் கடினமாக்கிய எஃகு. அதுவும் தேயும், ஆனால் பொறுமையாக.

ஆகவே நம் பக்கத்துக்கு என் ஓட்டு எஸ்பிடிக்கு. எக்பீட்டரில் இல்லாத இன்னொரு வசதியும் இதில் உண்டு: ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெடலின் இரண்டு முகத்துக்கும் தனித்தனி ஸ்க்ரூ, ஆக மொத்தம் நான்கு. 3 மி.மீ. ஆலன் கீ போதும். பலர் மேல்முகத்தை மட்டும் தளர்த்திவிட்டு, "சில நேரம் ஈஸியா வருது, சில நேரம் வரல" என்று குழம்புவார்கள். நான்கையும் ஒரே அளவில் வையுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எஸ்ஹெச்56 என்கிற கிளீட்டைக் கேட்டு வாங்கலாம். அதன் ஓரங்கள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் குதிகாலை உள்பக்கம் திருப்பினாலும், ஓங்கி மேலே இழுத்தாலும் விடும். பெடலோடு வழக்கமாக வருவது எஸ்ஹெச்51, அது வெளிப்பக்கம் திருப்பினால் மட்டும் விடும்.

சட்டென்று கால் ஊன்றும் தேவை இங்கே அடிக்கடி வரும். அறுவடை முடிந்ததும் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்று. அந்தத் தாளின்மேல் முன்சக்கரம் ஏறினால் வழுக்கும். ராகி விளையும் பருவத்தில் ஜவளகிரி, சானமாவு பக்கம் யானைக் கூட்டமும் வரும். அந்த நேரத்தில் அங்கே எந்தப் பெடலோடும் போகாமல் இருப்பதுதான் நல்லது.

கிளீட்டே வேண்டாம் என்றால்? தாராளமாக. ஆணி வைத்த தட்டைப் பெடலோடு சாம் ஹில் 2006, 2007, 2010 ஆண்டுகளில் டவுன்ஹில் என்கிற மலையிறக்கப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றார். காலை மேலே இழுத்து மிதித்தால் சக்தி மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் ஆய்வில் நிற்கவில்லை. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேலே இழுத்து ஓட்டியவர்களின் உடல் அதே வேலைக்கு அதிக ஆற்றலைச் செலவழித்தது. கிளீட்டின் உண்மையான லாபம், கல்லும் குழியுமான இறக்கத்தில் பாதம் பெடலைவிட்டுத் துள்ளாமல் இருப்பது.

கடைசியாக, எந்தப் பெடல் வாங்கினாலும் கவனிக்க வேண்டியது கிளீட் போல்ட். இரண்டில் ஒன்று கழன்று விழுந்தால் ஷூ திரும்பும், கிளீட் திரும்பாது. எவ்வளவு முறுக்கினாலும் கால் வெளியே வராது. ஷூவைக் கழற்றித்தான் இறங்க வேண்டும். மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இரண்டு சவாரிக்குப் பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். போல்ட் தலைக்குள் செம்மண் காய்ந்து கல்லாகியிருக்கும். ஊக்கு வைத்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆலன் கீயை விடுங்கள், இல்லாவிட்டால் தலை வழுக்கிப் போகும்.