கத்தி பட்டால் பரவிடுமா?

போன வாரமும் ஒருவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். சிறுநீரில் ரத்தம், ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவரில் கட்டி. "கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கணும்" என்றதுமே கூட வந்திருந்த அக்கா, "வேண்டாம் சார், கத்தி பட்டா கேன்சர் பரவிடும்" என்றார். யூராலஜிஸ்டாக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இதையே சொல்லிவிட்டுப் போன 52 வயது லாரி டிரைவர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. அரைமணிக்கு ஒருதரம் சிறுநீர், அடிவயிற்றில் வலி, முடிக்கும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம். கேபினில் சீட்டுக்குப் பக்கத்தில் காலி பாட்டில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அட்டைகள் மஞ்சள் பையில் பாதிக்கு இருந்தன. சிறுநீரில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவுமே வளரவில்லை. கேன்சர்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டி, சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டாமென்று போனவர், ஐந்து மாதம் கழித்து வந்தார். அதற்குள் இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது.

இந்த முறை சம்மதித்தார். ரிசல்ட்டில் கேன்சர் இல்லை, ஈசினோபிலிக் சிஸ்டைடிஸ்.

'ஈசினோபிலியா' நம் ஊரில் இருமல், இழுப்புக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. ஈசினோபில் என்ற அதே வெள்ளை அணுக்கள் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் திரண்டு அழற்சி உண்டாக்குவதுதான் இது. 1960-ல்தான் மருத்துவ இதழ்களில் தனி நோயாகப் பதிவானது, அரிது. அலர்ஜி, ஒட்டுண்ணி, பென்சிலின் போன்ற மருந்துகள், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மைட்டோமைசின் என்ற கேன்சர் மருந்து என்று பல தூண்டுதல்கள் உண்டு. பலருக்குக் காரணமே பிடிபடாது. ரத்தத்தில் ஈசினோபில் சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஸ்கேனில் மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் குழாயில் நேராகப் பார்த்தாலும் சில சமயம் கேன்சர் மாதிரியே தெரியும். எனக்கே தெரிந்திருக்கிறது. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

இனி அந்தப் 'பரவிடும்' கதைக்கு வருகிறேன். வயிற்றைக் கிழிப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போனதும், சிறுநீர் வரும் பாதை வழியாகவே கருவியைச் செலுத்துகிறோம். சுவரின் தசை வரை கொஞ்சம் எடுத்து, ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு அடைக்கிறோம். கேன்சராகவே இருந்தாலும் சிகிச்சையின் முதல் படி இதுதான். மேலோட்டமான கட்டி பலருக்கு இதிலேயே முழுசாக வந்துவிடுகிறது. அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து, எலும்பு வரை போன பிறகு கூட்டி வருகிறார்கள். பயாப்சி எடுத்த அடுத்த மாதமே நோயாளி போய்ச் சேர்ந்துவிட்டால், பழி கத்தி மேல் விழுகிறது. கத்தி படுவதற்கு முன்பே பரவியிருந்ததை யாரும் பேசுவதில்லை.

டிரைவருக்கு அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தோம். அதற்கு முன் டிபி இல்லையென்று உறுதி செய்துகொண்டோம். நம் ஊரில் அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கினால் வினையாகிவிடும். மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. ஆனால் நானூறு மில்லி கொள்ள வேண்டிய பை சுருங்கி, இப்போது நூற்றைம்பதுதான் கொள்கிறது. ஐந்து மாதம் முன்னால் பிடித்திருந்தால் இவ்வளவு சுருங்க விட்டிருக்க மாட்டோம்.

சிறுநீரில் ஒரே ஒருதரம் ரத்தம் வந்து தானாக நின்றிருந்தாலும் வாருங்கள். வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 'சூட்டுக்கடுப்பு' என்று நீங்களே பெயர் வைத்து ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள், முதலில் கல்ச்சர். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளைத் தூக்கிப்போடாமல் கொண்டு வாருங்கள், தூண்டிய மருந்து அதிலேயே இருக்கலாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகக் குறைப்பது எங்கள் வேலை. நன்றாகிவிட்டாலும் செக்கப்புக்கு வாருங்கள், இது திரும்ப வரக்கூடிய நோய்.

போன வாரம் எழுந்து போனவரின் அக்கா இதைப் படித்தால், தயவுசெய்து தம்பியைத் திரும்பக் கூட்டி வாருங்கள் அம்மா. அவருக்கு என்ன நோய் என்று எனக்கு இன்னும் தெரியாது.