50,000 டாலர் அக்கவுண்டில் உங்களுக்கு உள்ளது 2,500 டாலர்தான்

பாளையங்கோட்டையில் ஆடிட்டர் தொழில் பார்க்கிறேன். வருமான வரிக் கணக்குக்காக வரும் இளைஞர்களின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் இப்போதெல்லாம் சில டாலர் செலவுகள் தென்படுகின்றன. மாதாமாதம் ஒரு சந்தா, இடையிடையே ரீசெட் கட்டணம் (தோற்றதும் மறுபடி தொடங்க), அப்புறம் ஆக்டிவேஷன் கட்டணம் (பாஸ் ஆனதும் அக்கவுண்டைத் திறக்க). கேட்டால், "ப்ராப் ஃபர்ம் சார், அமெரிக்க ஃப்யூச்சர்ஸ். பாஸ் பண்ணிட்டா அவங்க பணத்துல டிரேட் பண்ணலாம்" என்கிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர் இருக்கிறார். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டிய ஆலங்குளம் பக்கத்துப் பையனும் இருக்கிறான். டிரேட் செய்யாதே என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் எந்த வகை அக்கவுண்டை வாங்கினோம் என்பதே தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்கவில்லை.

முதலில் அடிப்படை. ப்ராப் ஃபர்ம் என்றால் தன் பணத்தில் பிறரை டிரேட் செய்யவிடுவதாகச் சொல்லும் நிறுவனம். ஃப்யூச்சர்ஸ் என்பது ஒரு குறியீட்டையோ பொருளையோ பின்னாளில் இன்ன விலைக்கு என்று இன்றே போடும் ஒப்பந்தம். இந்த நிறுவனங்கள் ஒரு தேர்வு வைக்கும். கட்டணம் கட்டிச் சேர்ந்து, குறிப்பிட்ட லாபத்தைத் தொட்டு, நஷ்ட எல்லையைத் தாண்டாமல் இருந்தால் ஃபண்டட் அக்கவுண்ட், அதாவது லாபத்தில் உங்களுக்குப் பங்கு கிடைக்கும் அக்கவுண்ட், தருவார்கள். தேர்வே இல்லாமல் நேரடியாகத் தரும் வகையும் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம், பணம் எடுக்கும் விதிகளும் கடுமையாக இருக்கும். ஃபண்டட் ஆன பிறகும் பெரும்பாலான அக்கவுண்டுகள் சிமுலேஷனில்தான் ஓடுகின்றன. உங்கள் ஆர்டர் சந்தைக்கே போவதில்லை. லாபப் பங்கை நிறுவனம் தன் கையிலிருந்து தருகிறது, அந்தக் கைக்கு வருவதில் பெரும் பகுதி தேர்வில் தோற்றவர்கள் கட்டிய கட்டணம். அக்கவுண்ட் சிமுலேஷன் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், பொடி எழுத்தில்.

இனி அக்கவுண்ட் வகைக்கு வருவோம். எல்லாரும் 50 கே (50,000 டாலர்) எடுக்கலாமா, 150 கே எடுக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது டிராடவுன், அதாவது எவ்வளவு இறங்கினால் அக்கவுண்ட் மூடப்படும் என்ற எல்லை. 50,000 டாலர் அக்கவுண்டுக்கு இது பல இடங்களில் 2,000 அல்லது 2,500 டாலர். உங்கள் மூலதனம் அவ்வளவுதான். மீதி 47,500 திரையில் தெரியும், தொட முடியாது.

அந்த எல்லைக் கோடு எப்படி நகர்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. டிராடவுன் 2,500 என்றால் தொடக்கத்தில் கோடு 47,500-இல் இருக்கும். ஒரு டிரேட் 1,000 டாலர் லாபம் காட்டிவிட்டுத் திரும்புகிறது, நீங்கள் 200 டாலர் லாபத்தில் வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இன்ட்ராடே ட்ரெய்லிங் வகையில், கையில் எடுக்காத அந்த 1,000 டாலரும் கணக்கில் சேரும். கோடு 48,500-க்கு ஏறிவிடும். உங்கள் இருப்பு 50,200. லாபத்தில் முடித்த நாளிலேயே உங்களுக்கு மிச்சமிருக்கும் இடம், அதாவது இருப்புக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம், 1,700 ஆகச் சுருங்கிவிட்டது. எண்ட் ஆஃப் டே வகையில் நாள் முடிவின் இருப்பை வைத்துத்தான் கோடு நகரும். அது 47,700-க்குப் போகும், இடம் அதே 2,500. ஸ்டேடிக் வகையில் கோடு அசையாது, இடம் 2,700 ஆகக் கூடும்.

அப்படியானால் ஸ்டேடிக்தானே நல்லது? கணக்குப்படி ஆமாம். ஆனால் ஸ்டேடிக் அக்கவுண்டுகளில் டிராடவுன் தொகையையே பெரும்பாலும் மிகச் சிறியதாக வைத்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. எண்ட் ஆஃப் டே வகையிலும் ஒன்றைக் கவனியுங்கள். கோடு நகர்வது அன்றைய சந்தை நேரம் முடிந்த பிறகு, ஆனால் இடையில் எந்த நொடியில் அதைத் தொட்டாலும் அக்கவுண்ட் போய்விடும். இதனுடன் தினசரி நஷ்ட வரம்பும் சேர்ந்து வருவது வழக்கம். இன்ட்ராடே வகைதான் விலை குறைவாக இருக்கும், கூப்பனில் அதிகம் விற்பதும் அதுவே. லாபத்தை ஓடவிட்டுப் பிடிக்கும் பழக்கமுள்ளவருக்கு அது ஒத்தே வராது. தொட்டவுடன் எடுத்துக்கொண்டு வெளியே வருபவருக்கு மட்டும் ஓரளவு பொருந்தும்.

கான்ட்ராக்ட் அளவிலும் இதே கதை. அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-இன் மினி கான்ட்ராக்ட் ஒன்றில் ஒரு புள்ளிக்கு 50 டாலர். 2,500 டாலர் என்பது 50 புள்ளி, சாதாரண நாளிலேயே சந்தை நடந்துவிடும் தூரம். நாஸ்டாக் மினிக்குப் புள்ளிக்கு 20 டாலர், அதாவது 125 புள்ளிதான் உங்கள் ஆயுள். செய்தி வரும் நேரத்தில் இது சில நிமிட வேலை. 50 கே அக்கவுண்டில் ஐந்து மினி வரை அனுமதி என்று போட்டிருந்தால், அந்த ஐந்தையும் எஸ் அண்ட் பியில் போட்டவர் பத்தே புள்ளியில் காலி. அனுமதி இருக்கிறதே என்று எடுப்பது, வண்டி 120-இல் ஓடும் என்பதற்காக வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் 120-இல் போவது மாதிரி. மைக்ரோ கான்ட்ராக்ட் இதில் பத்தில் ஒரு பங்கு. 2019 மே மாதத்தில் சிகாகோவின் ஃப்யூச்சர்ஸ் எக்ஸ்சேஞ்சான சிஎம்இ இவற்றைக் கொண்டுவந்தது. 2,500 டாலர் இடம் உள்ளவருக்கு மைக்ரோதான் சரியான அளவு என்பது என் தீர்மானமான கருத்து.

அடுத்தது கன்சிஸ்டன்சி விதி. ஒரே நாளின் லாபம் மொத்த லாபத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். 40 சதவீதம் என்று வையுங்கள். ஒரு நாள் 2,000 டாலர் வந்துவிட்டால், மொத்தம் 5,000 வரும்வரை பணம் எடுக்க முடியாது. நல்ல நாளே அடுத்த சில வாரங்களுக்கு உங்களைக் கட்டிப்போடும்.

பணம் எடுப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நிறுவனங்களில் கோடு ஏறி ஏறி, தொடக்கத் தொகையான 50,000-ஐ ஒட்டி வந்ததும் நின்றுவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் இருப்பு 53,000 ஆனதும் 2,500 எடுத்தால் கோடு கூடவே இறங்காது. மீதி இடம் 500 டாலர், ஒரு மினிக்குப் பத்துப் புள்ளி. முதல் பே-அவுட் (கையில் எடுக்கும் லாபப் பணம்) வந்த வாரத்திலேயே பல அக்கவுண்டுகள் போவது இதனால்தான். ஆகவே வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் எடுத்த பிறகு எனக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? இதற்கு நேரான பதில் தராத வகை வேண்டாம்.

நேரத்தையும் யோசியுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை நம் கடிகாரப்படி கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் திறக்கும். ஃபெடரல் ரிசர்வ் வட்டி அறிவிப்பு இரவு 11.30 அல்லது 12.30. காலை ஷிப்டுக்கு எழ வேண்டியவர் இரவில் இரண்டு மணி நேரம்தான் உட்கார முடியும். அவருக்கு மாதச் சந்தா வகை தோதுப்படாது, தேர்வு முடிய மாதங்கள் ஆகும், சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே கட்டணத்தில் காலக்கெடு இல்லாமல் தரும் வகை இருந்தால் அதைப் பார்க்கலாம். எதுவானாலும் ஆக்டிவேஷன், ரீசெட் எல்லாம் சேர்த்து ஆறு மாதச் செலவை ரூபாயில் எழுதிப் பாருங்கள். அப்புறம் ஸ்டாப் லாஸை, அதாவது இந்த விலைக்குப் போனால் நஷ்டத்தோடு வெளியேறுவேன் என்ற எல்லையை, மனதில் வைத்துக்கொள்ளாமல் ஆர்டராகவே போடுங்கள்; இணைப்பு போய்விட்டால் நீங்களாக வெளியேற முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை.

நம் நாட்டு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) சந்தையிலேயே 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. அந்தச் சந்தைக்காவது செபி இருக்கிறது. வெளிநாட்டு ப்ராப் ஃபர்ம் பணம் தராவிட்டால் செபியிடம் போய் நிற்க வழியில்லை.

என் மேஜைக்கு வரும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மார்ஜின் பணம் (டிரேடுக்கான முன்பணம்) அனுப்ப, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் அனுமதி இல்லை. தேர்வுக் கட்டணம் என்று ஆரம்பித்த நிறுவனம், ஏதாவது ஒரு கட்டத்தில் உங்கள் பணத்தை டெபாசிட்டாகக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். பே-அவுட்டைப் பங்கு விற்ற லாபம் போலக் காட்ட முடியாது. தொழில் வருமானமாகக் காட்டினால் கட்டிய கட்டணங்களைச் செலவாகக் கழிக்கலாம், ஆனால் ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர் 1 போதாது, ஐடிஆர் 3 போட வேண்டும். லாபமே வராமல் கட்டணம் மட்டும் போயிருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. கிரிப்டோவில் பே-அவுட் வாங்கினால் வாங்கிய அன்றைய மதிப்பு வருமானம், பிறகு விற்று வரும் லாபத்துக்குத் தனியாக 30 சதவீத வரி. வங்கி வழியாக வாங்குவதே நல்லது. "அம்மா பேர்ல இன்னொண்ணு எடுத்துக்கலாமா சார்" என்று கேட்கிறார்கள். வேண்டாம். அடையாளச் சரிபார்ப்பில் மாட்டினால் பே-அவுட் நிற்கும், நிற்காமல் வந்தாலும் வருமானம் அம்மாவின் பான் எண்ணில் ஏறும்.

வங்கிக்கு டாலர் வந்ததும் எதற்கான பணம் என்று கேட்பார்கள். ஒப்பந்தம், பே-அவுட் ரசீது, கட்டணம் கட்டிய பில் மூன்றையும் அந்தந்த மாதமே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் அக்கவுண்ட் மூடியதும் உள்ளே போய்ப் பழைய கணக்கைப் பார்க்க முடிவதில்லை, ஜூலையில் ரிட்டர்ன் போட வரும்போது கையில் எதுவும் இருக்காது.