வேலை இல்லாவிட்டால் உறங்கும் சிப்

1985 ஏப்ரல் 26. கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்துக்கு, அவர்களே வடிவமைத்த புராசஸர் தயாராகி வந்து சேர்ந்தது. பெயர் ஆர்ம். அதன் கட்டளைகளை வகுத்தவர் சோஃபி வில்சன். அவற்றை நடத்திக் காட்டும் உள்ளமைப்பை வரைந்தவர் ஸ்டீவ் ஃபர்பர். சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள்தான். அன்றைக்கே அதில் நிரல் ஓடியது.

அப்புறம், அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பார்க்க ஃபர்பர் அம்மீட்டரை இணைத்தார். பூஜ்யம் காட்டியது. போர்டில் ஒரு கோளாறு. சிப்புக்கு மின் இணைப்பே போகவில்லை. ஆனாலும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது! சிப்பின் கால்களில் பாதுகாப்புக்காக டயோடுகள் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) இருக்கும். மற்ற பாகங்களிலிருந்து வந்த சிக்னல்களின் மின்னழுத்தம் அவற்றின் வழியே உள்ளே கசிந்திருக்கிறது. அந்தக் கசிவே சிப்புக்குப் போதுமானதாக இருந்தது.

அது எப்படிப் போதும்? இந்த வகைச் சிப்பில் ஒரு கம்பி 0-லிருந்து 1-க்கோ 1-லிருந்து 0-க்கோ மாறும்போதுதான் பெரும்பாலான மின்சாரம் செலவாகிறது. மாறாமல் இருந்தால் செலவு மிகக் குறைவு. சிப்பின் சூட்டை மலிவான பிளாஸ்டிக் உறை தாங்க வேண்டுமே என்று 1 வாட்டுக்குள் முடிக்கப் பார்த்தார்கள்; அதில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிட்டது. உள்ளமைப்பு அவ்வளவு எளிமை.

1990-ல் ஃபர்பர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவர் கைவைத்தது கடிகாரத்தில். சாதாரணப் புராசஸரில் ஒரு கடிகாரத் துடிப்பு எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக நடத்தும். கட்டடத்தில் காங்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டி மாற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் கை மாற்ற வேண்டும் என்றால், இருப்பதிலேயே மெதுவான ஆளுக்கு ஏற்றபடிதான் விசில் ஊத முடியும். சட்டியே வராவிட்டாலும் விசில் ஓயாது. அந்த விசிலுக்கே சிப்பின் மின்சாரத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

விசில் வேண்டாம் என்றார் ஃபர்பர். பக்கத்து ஆளின் கை காலியானால் சட்டியைக் கொடு, அவர் வாங்கியதும் அடுத்ததை எடு. இப்படி உருவானவைதான் 1990-களில் வந்த அமுலெட் புராசஸர்கள். ஆர்ம் நிரல்களையே கடிகாரம் இல்லாமல் ஓட்டின. வேலை நின்றால் சிப் அப்படியே உறைந்துவிடும். வேலை வந்த கணமே எழுந்துவிடும். சந்தையில் அவை பரவவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். ஆனால் யோசனை வீண்போகவில்லை.

அடுத்து அவர் கட்டியது ஸ்பின்னேக்கர், மூளை நரம்புகளைப் போல நடக்கும் ஒரு கணினி. ஒரு சிப்பில் 18 ஆர்ம் கோர்கள் (தனித்தனியாக நிரல் ஓட்டும் பகுதிகள்), ஒரு போர்டில் 48 சிப்புகள், மொத்தம் 1,200 போர்டுகள். பெருக்கினால் 10,36,800 கோர்கள். 2018-ல் இத்தனையும் ஒன்றாக இயங்கத் தொடங்கின. நரம்பு ஒன்று துடித்தால், 'துடித்தது இன்னார்' என்ற எண் மட்டும் ஒரு சின்னப் பாக்கெட்டில் கிளம்பும். எப்போது துடித்தது என்று எழுத வேண்டியதில்லை. அது வந்து சேர்வதே நேரத்தைச் சொல்லிவிடும். வழியில் உள்ள ரவுட்டர்கள் அட்டவணையைப் பார்த்து, தேவையான திசைகளுக்கெல்லாம் நகலெடுத்து அனுப்பும்.

ஒரு சிப்பிலிருந்து அடுத்த சிப்புக்கு அந்தப் பாக்கெட் போகும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு திசைக்கு 7 கம்பிகள். ஒவ்வொரு முறையும் அவற்றில் சரியாக 2 கம்பிகள் மட்டும் நிலை மாறும். ஏழில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 21 வழிகள் உண்டு. 4 பிட் தகவலுக்கு, அதாவது நான்கு 0 அல்லது 1-களுக்கு, 16 வழிகள் போதும். மீதியில் ஒன்று 'பாக்கெட் முடிந்தது' என்பதற்கு. ஒரு கம்பி மாறியிருந்தால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் மாறிவிட்டதா? சரி, வந்துவிட்டது. பெற்றுக்கொண்ட சிப் எட்டாவது கம்பியில் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும். அதன் பிறகுதான் அடுத்தது வரும். கோர்களுக்குள் கடிகாரம் உண்டு. சிப்புகளுக்கு நடுவே அமுலெட்டின் அதே கைமாற்று.

பாக்கெட் வந்ததும் அதற்குரிய கோர் விழிக்கும், நரம்பின் கணக்கைச் சரிபார்க்கும், வேலை முடிந்ததும் மறுபடி உறங்கிவிடும்.