அண்டித்தோட்டு எண்ணெயும் வயிற்றுப் பிள்ளையும்: சோதித்தது எந்த எண்ணெய்?

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதி அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலைகளில், தல்லுகிறவர்களும் (தோட்டை உடைப்பவர்கள்) தோல் உரிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். முந்திரித் தோட்டிலிருந்து கசியும் தோட்டு எண்ணெய் பட்டால் கை பொள்ளும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத்தான் சரியான பதில் கிடைப்பதில்லை. கேட்டால், எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்புத் தரவுத் தாளை (பொருளின் சேர்மானமும் ஆபத்தும் எழுதிய தாள்) நீட்டுவார்கள். அதன் 11ஆம் பகுதியில் 'இனப்பெருக்க நச்சுத்தன்மை காணப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரியை நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய.

முதல் கேள்வி: சோதித்தது எந்த எண்ணெய்?

சூடு காட்டாமல் எடுத்த பச்சை எண்ணெயில் சுமார் 60 முதல் 65 சதவீதம் அனகார்டிக் அமிலம். மீதியில் கார்டோல், கொஞ்சம் கார்டனால். இதையே 180 முதல் 200 டிகிரி வரை காய்ச்சினால் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுக் கார்டனாலாக மாறிவிடும். பிரேக் லைனிங், பெயின்ட், எபாக்சி ரெசின் கம்பெனிகள் வாங்குவது இந்தக் காய்ச்சிய எண்ணெயை, அல்லது அதை வடித்தெடுத்த கார்டனாலை. ஆவியில் வேகவைத்த அண்டியைத் தல்லும்போது கையில் தெறிப்பதோ பெரும்பாலும் பச்சை எண்ணெய். இரண்டும் வேதியியல்படி வேறு பொருள்கள். ஆனாலும் பல தாள்களில் இரண்டுக்கும் 8007-24-7 என்ற ஒரே சி.ஏ.எஸ். எண்தான் (ரசாயனங்களுக்குத் தரும் அடையாள எண்) இருக்கும். ஆகவே 3ஆம் பகுதியில் சேர்மான விவரம் இல்லாத தாளை வைத்து 11ஆம் பகுதியைப் படிப்பதில் பொருளில்லை. டிரம்மில் வறுக்கும் ஆபீஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே மூக்கில் ஏறுவது தோடு கருகிய புகை. அரைகுறையாக எரிந்த கரிமப் பொருள்களின் கலவை. எண்ணெயை எலிக்குக் கொடுத்துப் பார்த்த எந்த அறிக்கையும் அந்தப் புகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இன்னொரு விஷயம். கார்டனால் ஒரு நீள்வால் ஃபீனால்; அதாவது ஃபீனால் வளையத்தில் நீண்ட கார்பன் சங்கிலி ஒட்டிய பொருள். தொழிற்சாலைகளில் புழங்கும் நோனைல்ஃபீனாலும் வால் உள்ள ஃபீனால்தான். அது ஹார்மோன் ஒழுங்கைக் குலைக்கும் பொருள் என்று ஐரோப்பாவில் பட்டியலிடப்பட்டது. அதனால் கார்டனாலும் அப்படித்தான் என்று முடிவுகட்ட முடியாது. நோனைல்ஃபீனாலில் வால் வளையத்தின் பாரா என்ற இடத்தில், 9 கார்பன், கிளைவிட்டது. கார்டனாலில் மெட்டா என்ற வேறு இடத்தில், 15 கார்பன், நேர் வால். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு (பெண் ஹார்மோன் உடலில் போய் ஒட்டும் இடம்) ஒட்டுவதில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் 'இயற்கையானது, முந்திரியிலிருந்து வந்தது' என்று சொல்லி நோனைல்ஃபீனாலுக்கு மாற்றாக விற்பவர்களும் இதையே ஆதாரமாகக் காட்டக்கூடாது. எந்தப் பக்கம் பேசினாலும் சோதனை முடிவு வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்தச் சோதனை? ரசாயனச் சோதனை முறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஓ.இ.சி.டி.யின் வழிகாட்டு எண்ணைப் பாருங்கள். மலிவாகச் செய்வது 421 என்ற முதல்நிலைச் சோதனை. ஒரு கட்டுப்பாட்டுக் குழு, மூன்று அளவுக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் 10 ஆண் எலி, 12 அல்லது 13 பெண் எலி. குறைந்தது 8 சினைப்பெண்களாவது தேற வேண்டும் என்பதற்காக. இணைசேர்வதற்கு 2 வாரம் முன்பே மருந்தூட்டல் (சோதிக்கும் பொருளைக் கொடுப்பது) தொடங்கி, ஈன்ற பின் 13ஆம் நாள் வரை தாய்க்குத் தொடரும். குட்டிகளின் உயிர்ப்பு, எடை, ஆண் குட்டிகளில் முலைக்காம்பு நிற்கிறதா, தைராய்டு ஹார்மோன், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் எல்லாம் பார்ப்பார்கள். சிறிய குட்டிக்கு இந்தத் தூரம் தானாகவே குறையும். எடையின் கனமூலத்தால் வகுத்துச் சரிசெய்யாத எண்ணை ஒதுக்கிவிடலாம்.

421இல் பார்க்காததுதான் முக்கியம். குட்டிகளை வெளியே மட்டும் பார்க்கிறார்கள். எலும்பையும் உள்ளுறுப்பையும் அறுத்துப் பார்ப்பதில்லை. அதற்கு 414 வேண்டும். அதில் குழுவுக்கு ஏறக்குறைய 20 சினைப்பெண்கள். பேற்றுக்கு முந்தைய நாள் வயிற்றைத் திறந்து, எலியில் பாதிக் கருக்களை எலும்புக்கும் பாதியை உள்ளுறுப்புக்கும் ஒதுக்குவார்கள். எலும்புக்கு அலிசரின் சிவப்புச் சாயம், குருத்தெலும்புக்கு ஆல்சியன் நீலச் சாயம். எலியோடு முயலையும் சேர்ப்பதற்குத் தாலிடோமைடு கதையே போதும். 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட அந்த மருந்து எலிக் கருவைப் பெரிதாகத் தொடவில்லை. முயல் குட்டிகளின் கைகாலைக் குலைத்தது. ஆண்கள் விஷயத்திலும் 421 குட்டையானது. எலியில் விந்தணு முழுசாக உருவாக ஏறத்தாழ 8 வாரம் ஆகும். இங்கே ஆணுக்கு மருந்து குறைந்தது 4 வாரம் கொடுத்தாலே போதும். இரு தலைமுறைச் சோதனையான 416இல் இணைசேர்வதற்கு முன்பே 10 வாரம் கொடுப்பார்கள்.

இனி, தப்பாகும் இடங்கள். தோட்டு எண்ணெய் எரிச்சல் தரும் பொருள். சோள எண்ணெயில் கலந்து குழாய் வழியே செலுத்தும்போது செறிவு கூடினால் இரைப்பை புண்ணாகும், தாய் எலி தீனியைக் குறைக்கும், எடை இறங்கும். அப்புறம் குட்டி எடை குறைவதும் எலும்பு முற்றத் தாமதமாவதும் ரசாயனத்தால் வந்ததா பட்டினியால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சிலர் 'எல்லாம் தாயின் கோளாறு' என்று கண்ணை மூடிக் கழித்துவிடுவார்கள். அது பிழை. மேலண்ணம் பிளப்பது போன்ற உருவக்கேட்டைத் தீனிக்குறைவின் தலையில் எளிதாகக் கட்டிவிட முடியாது. அறிக்கையில் தாயின் எடை, தீனி அட்டவணையைக் குட்டி அட்டவணையோடு பக்கத்தில் வைத்து நாள்வாரியாகப் படிக்க வேண்டும்.

புள்ளியியலில் அடிக்கடி காணும் தவறு, குட்டிகளைத் தனித்தனியாக எண்ணுவது. ஒரு தாயின் 12 குட்டிகளும் கெட்டுப்போவதும், 12 தாய்களில் ஆளுக்கு ஒரு குட்டி கெட்டுப்போவதும் ஒன்றல்ல. கணக்கின் அலகு ஈற்றுத்தொகுதிதான், அதாவது ஒரு தாய் ஒரே ஈற்றில் ஈன்ற குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒன்று. கருப்பதிந்த தடங்களையும் எண்ணியிருக்க வேண்டும். முழுக் கருவும் கரைந்துபோன கருப்பையை அம்மோனியம் சல்ஃபைடில் தோய்த்தால் தடங்கள் தெரியும். அதைச் செய்யாமல் 'சினையாகவில்லை' என்று எழுதினால் கருச்சிதைவு மறைந்துவிடும்.

பாதிப்பு காணாத உச்ச அளவு கிடைத்தபின், மனிதருக்குப் பாதுகாப்பான அளவைக் கணிக்க வருவது வகுத்தல். விளக்கத்துக்காக ஒரு கற்பனை எண்ணை எடுப்போம்: ஒரு கிலோ உடல் எடைக்கு 100 மி.கி. எலியிலிருந்து மனிதருக்கு 10, மனிதருக்குள் வேறுபாட்டுக்கு 10, வெறும் முதல்நிலைச் சோதனை என்பதால் இன்னொரு 10 என்று வகுக்க வேண்டும். கிடைப்பது 0.1 மி.கி.; 50 கிலோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. இந்த எண்ணெயின் ஒரு சொட்டு ஏறத்தாழ 45 மி.கி. எடையிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு தோல் வழியே ஏறினாலே கணக்கு ஏறக்குறைய தீர்ந்தது. பொள்ளிப்போன தோலில் இன்னும் கூடுதலாக ஏறும். எலிக்கு வாய்வழி, நமக்குக் கைவழி என்ற வேறுபாட்டைத் தாள் எழுதுகிறவர்கள் தொட்டுப்பார்ப்பதே அபூர்வம்.

ஆபீஸுக்குள் செய்யக்கூடியது இதைவிட எளிது. கருவின் உறுப்புகள் உருவாவது கருத்தரித்த 3 முதல் 8ஆம் வாரத்துக்குள். அதில் பாதி, பலருக்கு நாள் தள்ளியதே உறுதியாகாத காலம். 'மாசமானால் சொல்லுங்கள், தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றுகிறோம்' என்ற ஏற்பாடு அதனால் பெரும்பாலும் பிந்திப்போகிறது. பிள்ளைக்கு முயல்கிறவர்கள் கேட்டவுடன், காரணம் கேட்காமல், கூலி குறைக்காமல் மாற்றிக்கொடுப்பதே சரி. கையுறை வேண்டும்; ஆனால் நம்மூர் ரப்பர்ப் பால் கையுறை இந்த எண்ணெயில் ஊதி இளகும். நைட்ரைல் வாங்குங்கள், கிழிந்ததும் மாற்றுங்கள். தேங்காயெண்ணெயும் சாம்பலும் பொள்ளலைக் கொஞ்சம் தணிக்கும், கையுறைக்கு ஈடாகாது. மண்ணெண்ணெயில் கை கழுவவே கூடாது. தோலின் கொழுப்பை எடுத்துவிட்டு மற்றதற்கு வழி திறந்துவிடும். பாலூட்டுகிற தாய்மார் வேலைச் சேலையை ஆபீஸிலேயே மாற்றிவிட்டு, மாரும் கையும் சோப்பால் கழுவியபின் பிள்ளையை எடுக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரியவரும் கருக்களில் 100க்கு 10 முதல் 20 எப்படியும் கலையும். ஒரே ஆபீஸில் 20 கருவில் 3 கலைந்ததை வைத்து எண்ணெயைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. அதோடு, கைப்பிள்ளைக்காரிகள் வேலையை விட்டு வீட்டிலிருப்பார்கள். பிள்ளை தங்காதவர்கள் தொடர்ந்து வருவார்கள். இன்று வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டால் படம் கோணலாகும். வேலையை விட்டவர்களையும் தேடிப்பிடித்து, ஒவ்வொரு கருவின்போதும் எந்தப் பிரிவில் இருந்தார், அப்போது ஆவியா டிரம்மா என்று எழுதிவையுங்கள்.