ஒரே சொட்டு மருந்து, வேறு வேறு குடல்கள்

குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்த ஒரு தாய், தடுப்பூசி அட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் எல்லாத் தவணைகளும் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன. ஆனால் குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபோது மடிப்பு மெதுவாகவே மறைந்தது; உடலில் நீர் வற்றியதன் அறிகுறி அது. "ஒன்றுவிடாமல் போட்டோமே டாக்டர், பிறகு எப்படி வயிற்றுப்போக்கு வந்தது?" என்று கேட்டார்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல; ரோட்டா மருந்து ரோட்டாவை மட்டுமே தடுக்கும். அதையும் அது எல்லா நாட்டிலும் ஒரே அளவில் தடுப்பதில்லை என்பதைப் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. வசதி மிக்க நாடுகளில் கடுமையான ரோட்டா நோயை நூற்றுக்கு 85-க்கும் மேல் தடுக்கும் மருந்து, 2010-இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில் தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 77 விழுக்காடும், மலாவியில் 49 விழுக்காடுமே தடுத்தது. போலியோ சொட்டு மருந்திலும் இதே வேறுபாட்டை, மூன்று தவணை பெற்ற குழந்தைகளில் பலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்று, வேலூரில் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே கண்டறிந்து சொன்னார்.

ஊசி மருந்து குடலைத் தொடாமல் உடலுக்குள் செல்கிறது. சொட்டு மருந்தில் இருப்பதோ வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். நோய் மலிந்த இடத்தில் வாழும் தாயின் உடலில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள்கள் (கிருமியை அடக்கும் புரதங்கள்) மிகுந்திருக்கும். நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் சேய்க்கு வரும் அவை, காவலாக இருப்பதோடு மருந்து வைரஸையும் பெருகவிடாமல் அடக்கக்கூடும். தூய்மையற்ற நீராலும் சூழலாலும் ஓயாமல் கிருமிகள் புகும் குடலில் உறிஞ்சிகள் (உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகள்) தட்டையாகி, சுவர் நாள்பட்ட அழற்சியில் இருக்கும். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற வைரஸ்களோடும், அதே நாளில் புகட்டப்படும் போலியோ சொட்டு மருந்தோடும் புதிய வைரஸ் போட்டியிட வேண்டியிருக்கிறது. குடல் செல்களின் மேற்பரப்பில் வைரஸ் பற்றிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறுகள்கூட மரபுவழியில் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இவற்றுள் எது முதன்மைக் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒவ்வோர் இடத்திலும் இவை வெவ்வேறு விகிதத்தில் கலந்து வேலை செய்கின்றன.

தாய்ப்பாலில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றதும், மருந்து கொடுக்கும் வேளையில் பாலை நிறுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அப்படிச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தும், மருந்தின் பலன் கூடவில்லை. வேலூரில் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துக் குடல் அழற்சியைக் குறைத்துப் பார்த்த ஆய்விலும் போலியோ மருந்துக்கான எதிர்ப்பாற்றல் உயரவில்லை. மாறாக, இந்தோனேசியாவில் பிறந்த 5 நாள்களுக்குள் முதல் தவணையைக் கொடுத்துத் தொடங்கிய ஆர்.வி.3-பி.பி. என்ற ரோட்டா மருந்து, 18 மாத வயது வரை 75 விழுக்காடு பாதுகாப்பு தந்தது. இந்த வழி எனக்குப் பெரும் நம்பிக்கை அளிக்கிறது.

"பாதிதான் தடுக்கும் என்றால் எதற்குப் போட வேண்டும்?" என்ற அடுத்த கேள்விக்கு அதே ஆப்பிரிக்க ஆய்வில் விடை இருக்கிறது. மருந்து பெற்ற ஒவ்வொரு 100 குழந்தைகளிலும் ஆண்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் 4.2 கடுமையான நோய் நிகழ்வுகள் தடுக்கப்பட்டன, மலாவியில் 6.7. விழுக்காடு குறைந்த இடத்தில் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் அதிகம், ஏனெனில் அங்கே நோயே அதிகம். போலியோவிலும் தவணைகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும், மருந்தின் வகையை மாற்றியமைத்தும்தான் இந்தியா 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் நோயுற்றவர் ஒருவர்கூட இல்லாத நிலையை எட்டியது.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, செவிலியர் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கியிருந்தார். நான்கு மணி நேரம் கழித்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு உடனே மறைந்தது. துத்தநாக மருந்தை எழுதிக் கொடுத்து, பாலை நிறுத்தாமல் தரச் சொல்லி, அடுத்த தடுப்பூசிக்கான தேதியை அட்டையில் குறித்து அனுப்பினேன்.