ஏற்காட்டிலிருந்து இறங்கும் காரைப் பிடித்து இழுப்பது எது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலை மலையிறங்கி அப்படியே கடலூருக்குப் போயிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் ஏதோ கருகும் வாடை. அடிவாரம் வருவதற்குள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு எல்லாம் சரி. வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை என்று கடற்கரை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. “மெக்கானிக் ஒன்றுமில்லை என்கிறார். அப்போது அன்றைக்கு என்னதான் நடந்தது?”

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர்; சேலம் 300 மீட்டருக்குப் பக்கம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்குகிறது. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.4 கோடி ஜூல். 45 லிட்டர் தண்ணீரை, அதாவது மூன்று குடம் தண்ணீரை, கொதிக்க வைக்கிற சூடு அது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் இதில் பெரும்பகுதி சக்கரத்துக்குள் இருக்கும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் போய்ச் சேரும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் காந்துகிறது, பிடிமானம் குறைகிறது. நம் கால் அழுத்தத்தைப் பெடலிலிருந்து சக்கரம் வரை கொண்டுபோகும் பிரேக் ஆயிலுக்கும் சூடு ஏறுகிறது. காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பிரேக் ஆயிலின் குணம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சானது அதனால்தான். ஆறியதும் குமிழி மறைந்தது, மெக்கானிக் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

சரி, பிரேக்கை விட்டால் வேறு என்ன இருக்கிறது? “ஏறின கியர்லயே இறங்கு” என்பார்கள் பழைய லாரி டிரைவர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

ஊசி இல்லாத சிரிஞ்சை எடுத்து, அதன் வாயை விரலால் இறுக மூடிக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். கை வலிக்கும். உள்ளே காற்று குறைந்துவிட்டதால் வெளிக்காற்று தண்டை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பெட்ரோல் இன்ஜினிலும் இதுவேதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்று நுழையும் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. ஆனால் மலைச் சரிவில் உருளும் சக்கரங்கள் கியர் வழியாக இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சிரிஞ்சின் தண்டு மாதிரி சிலிண்டர் என்ற குழலுக்குள் ஏறி இறங்குவது பிஸ்டன். அது கீழே இறங்கிக் காற்றை இழுக்கப் பார்க்கிறது, போதுமான அளவு கிடைப்பதில்லை. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் முழுக் காற்றழுத்தம், மேல்பக்கத்தில் அதில் ஒரு பங்குதான்.

தண்டை விட்டால் சிரிஞ்ச் பழையபடி உள்ளே ஓடி, நாம் போட்ட உழைப்பைத் திருப்பித் தந்துவிடுமே, இன்ஜினும் அப்படித் தராதா? நானும் இதில் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். பிஸ்டன் மேலே போய் உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றை அமுக்குவதும், மறுபடி கீழே வர அது விரிவதும் சுருள்வில் மாதிரி. ஒன்று வாங்கியதை மற்றது கொடுத்துவிடும். பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டருக்குள் இன்னமும் அதே வெறுமை. அப்போது பார்த்து வெளியேற்றும் வால்வு திறக்கிறது. சைலன்சர் பக்கத்துக் காற்று குபுக்கென்று உள்ளே பாய்ந்து வெறுமையை நிரப்புகிறது. பிஸ்டன் கஷ்டப்பட்டு இழுத்ததற்குக் கிடைக்க வேண்டிய கூலி அந்த நொடியில் போய்விடுகிறது. அடுத்த சுற்றில் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஒவ்வொரு சிலிண்டரும் இப்படி நஷ்டப்படுகிறது. அந்த நஷ்டமும் பிஸ்டன் வளையங்களின் உராய்வும் சேர்ந்துதான் காரைப் பின்னுக்குப் பிடிக்கின்றன. கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இன்ஜின் அதிகமாகச் சுற்றும், பிடியும் இறுகும்.

டீசல் இன்ஜினில் பொதுவாக இப்படிக் காற்றை மூடுவதில்லை. அதனால்தான் பஸ், லாரிகளில் புகை போகும் குழாயிலேயே ஒரு தகட்டை வைத்து மூடுகிறார்கள். ஏற்காடு பஸ் இறங்கும்போது வளைவுக்கு முன்னால் கேட்கும் உறுமல் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இந்த நம்பிக்கை எனக்குப் பயமாகவே இருக்கிறது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்த பிறகான கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். சரிவே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் புறப்படுவது அவரவர் மன நிம்மதி. ஆனால் உரிமம் வாங்க வருகிறவருக்கு எட்டுப் போடக் கற்றுத்தரும் நாம், மலையிறங்கும் கியரையும் கற்றுத்தர வேண்டும்.

வாசகருக்கு: அடுத்த தடவை இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விட்டுவிடுங்கள். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடேறிய டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கோணலாகலாம், வெடிப்பு விடவும் கூடும். அப்புறம், ஒருமுறை கொதித்த பிரேக் ஆயிலை வைத்துக்கொண்டு திரும்ப மலையேற வேண்டாம். இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.