முந்திரித் தோப்பில் சிதறிக் கிடக்கும் சூரியன்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் உச்சி வெயிலில் போய் நின்றால் தரையெல்லாம் வெளிச்சக் காசுகள் இறைந்து கிடக்கும். இலைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் ஒன்றுகூட வட்டமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், சந்தெல்லாம் கோணலா இருக்கு, வெளிச்சம் மட்டும் எப்படி உருண்டையா விழுது?"

ஒவ்வொரு காசும் சூரியனின் பிம்பம். வானத்தில் சூரியன் ஒரு புள்ளியாக இல்லை, ஒரு தட்டாகத் தெரிகிறது. அந்தத் தட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, சந்தின் உருவத்தைத் தரையில் சற்றே தள்ளித் தள்ளிப் பதிக்கிறது. தரை போதிய தூரத்தில் இருந்தால் சந்தின் கோணல் கரைந்து, தட்டின் வட்டம் எஞ்சுகிறது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று கடலூரில் மரத்தடியில் நின்றவர்கள் இதே காசுகள் பிறைகளாக விழுந்ததைப் பார்த்திருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அட்டையில் 5 மில்லிமீட்டர் முக்கோண ஓட்டை போட்டு வெயிலில் பிடியுங்கள். 10 சென்டிமீட்டர் தள்ளித் தாளை வைத்தால் முக்கோணம். அரை மீட்டரில் இரண்டும் கெட்டான் உருவம். 3 மீட்டரில் வட்டம்.

இனி அளவு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றில் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் அதே அளவு ஓட்டை மட்டும் விடுங்கள். கண்ணாடியை வெயிலில் வைத்து, ஒளியை இருட்டான வகுப்பறைக்குள் திருப்பிச் சுவரில் நேராக விழ வையுங்கள். சாய்ந்து விழுந்தால் வட்டம் முட்டையாகிவிடும். சூரியனையோ கண்ணாடியில் தெரியும் சூரியனையோ ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கண்ணாடியிலிருந்து சுவர் 10 மீட்டரில் இருந்தால் பிம்பத்தின் விட்டம் 9.3 சென்டிமீட்டர் அளவில் வரும். விளிம்பு மங்கலாக இருக்கும். அந்த மங்கலின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான், நிதானமாகப் பல முறை அளக்கவிடுங்கள்.

தூரத்தை விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய 107. சூரியன் தன் விட்டத்தைப்போல் 107 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரம் 15 கோடி கிலோமீட்டர் என்றால் விட்டம் 14 லட்சம் கிலோமீட்டர்.

அந்த 15 கோடி எங்கிருந்து வந்தது? நம் கண்ணாடி அதைச் சொல்லாது. சின்னச் சூரியன் பக்கத்தில் இருந்தாலும் பெரிய சூரியன் எட்ட இருந்தாலும் சுவரில் அதே வட்டம்தான். தூரத்தை அறிய, வெள்ளிக் கோள் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே கடப்பதைப் பூமியின் பல மூலைகளிலிருந்து ஒரே சமயத்தில் பார்த்தார்கள். அதற்காகவே 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார் வானியலாளர் லெ ஜான்தி. வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1761 கடப்பைக் கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்த்ததில் பயனில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கமே காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடிக்கொண்டது. வேறு ஊர்களில் எடுத்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டபோது 15 கோடிக்கு மிக அருகில் விடை கிடைத்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பங்குனியில் செய்தால் இன்னொரு அளவும் எடுக்கலாம். கண்ணாடியை அசைக்காமல், சுவரில் பிம்பத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுங்கள். பிம்பம் மெல்ல நகரும். அந்த வட்டத்தை விட்டு முழுதாக வெளியேற 2 நிமிடம் 8 நொடி ஆகும். 24 மணி நேரத்தில் அப்படி 675 நகர்வுகள். ஒரு நாளில் சூரியன் சுற்றும் 360 பாகையை 675ஆல் வகுத்தால் 0.53 பாகை. டேப்பால் அளந்த 107இலிருந்தும் சூரியனின் கோணத்தைக் கணக்கிடுங்கள். அதுவும் 0.53 பாகையை ஒட்டியே வர வேண்டும். வராவிட்டால், கண்ணாடி அசைந்ததா, சுவர் சாய்ந்திருந்ததா என்று மறுநாள் வெயிலில் பாருங்கள்.